சம்பந்தியின் முன்னங்கால்

குருவி பேசுகிறேன். வயது இருபத்தேழு. இப்போது இருக்கும் இடம், கணக்கு டீச்சர் வீட்டில் வாஷிங் மெஷின் வைத்திருக்கும் சின்ன அறை, அதன் தரை.

என் வலது கையின் மேல் ஒரு நாய் தலை வைத்துத் தூங்குகிறது. கையை உருவினால் எழுந்துவிடும். எழுந்தால் நொண்டும். நொண்டினால் டீச்சர் ஓடி வருவார். அதனால்தான் கையால் எழுதாமல் வாயால் எழுதுகிறேன். போனை மெஷின் மேல் சாய்த்து வைத்திருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல அது எழுதிக்கொண்டே போகிறது.

நேற்று நான் பாதியில் போனை வைத்த பிறகு நீங்கள் முப்பத்தொரு தடவை கூப்பிட்டிருக்கிறீர்கள். அதில் பத்தொன்பது அம்மா. எடுக்கவில்லை என்று கோபம் இருக்கும், நியாயம்தான். ஆனால் நடந்தது முழுக்க உங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாமலேயே ஆளுக்கொரு யோசனை சொன்னீர்கள். ஆகவே முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

என் வேலை என்ன என்பதே உங்களுக்கு இன்னும் சரியாகப் புரியவில்லை என்று நேற்றுத்தான் தெரிந்தது. அங்கே நம் ஊரில் இருந்தவரை ஆறு வருஷம் பிராணி ஆஸ்பத்திரியில் டெக்னீஷியன். டாக்டர் இல்லை. டாக்டர் வைத்தியம் பார்ப்பார். பிடித்துக்கொள்வது, ரத்தம் எடுப்பது, டிரிப் போடுவது, கடி வாங்குவது எல்லாம் நான். இந்த நாட்டுக்கு வந்த பிறகு வேலை வேறு. ஊருக்குப் போகிறவர்கள் வீட்டில் போய்த் தங்கி, அவர்களுடைய நாயையும் பூனையையும் பார்த்துக்கொள்கிறேன். சோறு வைப்பது, நடக்கக் கூட்டிப்போவது, குளிப்பாட்டுவது, முடி சீவுவது, நகம் வெட்டுவது, காது துடைப்பது. மாத்திரையை அதற்குத் தெரியாமல் விழுங்க வைப்பதில் நான் கெட்டிக்காரன் என்று முதலாளியம்மாவே சொல்லியிருக்கிறார். அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

முதலாளியம்மா என்னை மூன்று மாதம் சோதனைக்கு வைத்திருந்தார். அது இன்றோடு முடிகிறது. புதன்கிழமை கூப்பிட்டு நேராகச் சொன்னார்.

"டீச்சர் வீட்ல மூணு நாள் தனியா இரு. அவங்க சரின்னா நீ நிரந்தரம். இல்லன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அந்தக் கையெழுத்து இல்லையென்றால் எனக்கு இங்கே இருக்க அனுமதியும் இல்லை. பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இதை நான் உங்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தப் பத்தொன்பது தொண்ணூறு ஆகியிருக்கும்.

டீச்சர் நாற்பது வருஷம் வடிவியல் நடத்தியவர். மகனுக்குப் பெண் குழந்தை பிறந்து ஒரு வாரம், அதைப் பார்க்கப் போனார். போகுமுன் கட்டம் போட்ட தாளில் முப்பத்தொரு விதி எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போனார். காலைச் சாப்பாடு ஏழு நாற்பதுக்கு, ஏழே முக்காலுக்கு இல்லை. விதி ஒன்பது: துணி எதையும் நாய்க்கு எட்டும் இடத்தில் வைக்கக் கூடாது. போன வருஷம் ஒரு காலுறையை விழுங்கி, வயிற்றைக் கிழித்து எடுத்து, பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததாம். விதி பதினாலு: நகத்தை அதற்குத் தெரியும்படி வெட்டக் கூடாது. விதி பதினேழு: பாதத்தின் அடியில் விரல்களுக்கு நடுவே இருக்கும் முடியை மட்டும் முடிவெட்டும் மெஷினால் எடுக்கலாம், உடம்பில் வேறு எங்கும் மெஷின் படக் கூடாது. பதினேழுக்குக் கீழே இரண்டு கோடு. ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு.

நாயின் உண்மைப் பெயர் என் வாயில் நுழையவில்லை. நான் வைத்த பெயர் சம்பந்தி. பஞ்சுமூட்டை மாதிரி வெள்ளை வெளேரென்று இருக்கும். நாம் போய்க் கூப்பிடாமல் சாப்பிட வராது. வந்தாலும் தட்டைப் பார்த்துவிட்டு நம் முகத்தைப் பார்க்கும், இவ்வளவுதானா என்று. பூனைக்கு ஆடிட்டர் என்று பெயர். நாள் முழுக்க ஃப்ரிட்ஜ் மேல் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும். எதுவும் சொல்லாது.

முதல் நாள் ஒரு குறையும் இல்லை. வாசல் கதவைப் பூட்டினேனா என்று ஏழு தடவை போய்ப் பார்த்தேன், அவ்வளவுதான். ஏழாவது தடவை சம்பந்தியும் கூட வந்து பார்த்தது.

இரண்டாம் நாள், அதாவது நேற்றுக் காலை, சம்பந்திக்குக் குளியல். நாளைக்கு மகன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறார். குழந்தையும் நாயுமாகப் போட்டோ எடுக்கப் போகிறார்கள். அதனால் நன்றாகக் குளிப்பாட்டி, இரண்டு மணி நேரம் உலர்த்தி, சிக்கெல்லாம் எடுத்து, சீவி முடித்தபோது சம்பந்தி ஒரு சுற்றுப் பெருத்திருந்தது. மிச்சம் இருந்தது பாதத்தின் அடி முடி மட்டும். அதற்கு ரொம்ப நெருக்கமாக வெட்டும் பிளேடைப் போட வேண்டும். அந்த பிளேடு எனக்குப் புதிதில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி போடுமுன் முன்னங்காலில் முடி எடுக்கவும் அதே பிளேடுதான். தீப்பெட்டி அளவுக்கு நீளச் சதுரமாக முடியை வழித்து எடுத்தால்தான் நரம்பு தெரியும். அதை நாங்கள் ஜன்னல் என்போம். ஒரு நாளைக்குப் பத்து ஜன்னலாவது திறந்திருப்பேன், ஆறு வருஷம்.

பிளேடை மாட்டி, மூன்று பாதம் முடித்து, நாலாவதாக இடது முன்னங்காலைப் பிடித்திருக்கிறேன். அப்போது நீங்கள் கூப்பிட்டீர்கள். போனை ஸ்பீக்கரில் போட்டு சோப்புப் பெட்டி பக்கத்தில் வைத்தேன். அந்த இடத்தில்தான் என் தப்பு ஆரம்பிக்கிறது. அதை ஒத்துக்கொள்கிறேன். மீதியை நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டும்.

"குருவி, சாப்ட்டியாடா?" என்றார் அம்மா.

"சாப்ட்டேன்மா. வேலையில இருக்கேன். நாய்க்குப் பாதத்துல முடி எடுத்துட்டு இருக்கேன்."

"மெதுவாச் சொல்லுடா! மாடி வீட்டு மாமா பக்கத்துல நிக்கறாரு."

"நின்னா என்ன?"

அக்கா போனை வாங்கினாள். "அப்பா அவர்கிட்ட நீ அங்க ஆஸ்பத்திரில பெரிய ஆளுன்னு சொல்லி வச்சிருக்காரு. மாமாவுக்கு முட்டி வலியாம். உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணுமாம்."

"அக்கா, நான் நாய் பூனைக்கு ஊசி போட்டவன். மனுஷ முட்டிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?"

பின்னாலிருந்து அம்மா, "முட்டின்னா முட்டிதானே. நாய்க்கு நாலு இருக்கு, மாமாவுக்கு ரெண்டுதான். உனக்குப் பாதி வேலை" என்றார்.

மறுப்பதற்குள் மாமா வந்துவிட்டார். "டாக்டர் தம்பி, நல்லா இருக்கீங்களா? இந்த முட்டிக்கு ஆபரேஷன்னு சொன்னா டிரிப் ஏத்துவாங்களா? எனக்கு ஊசின்னா சின்ன வயசுலேர்ந்தே ஆகாது."

எனக்குப் பாவமாக இருந்தது. பயந்த ஆளுக்கு எப்போதும் விவரமாகச் சொல்ல வேண்டும், அப்போதுதான் பயம் போகும். ஆஸ்பத்திரியில் நாய் கூட்டி வருகிறவர்களுக்கு நான் சொல்கிறதையே சொன்னேன்.

"ஒண்ணும் இல்ல மாமா. முதல்ல கொஞ்சம் முடி எடுப்போம். கீழேர்ந்து மேல ஒரு இழுப்பு, பக்கத்துலயே இன்னொரு இழுப்பு. ஓரத்தை நேராக்கணும். அப்புறம் ஈரப் பஞ்சால துடைச்சு, மேல கட்டைவிரலால அழுத்திப் புடிச்சா நரம்பு தானா எழும்பும்..."

"முடி எடுக்கணுமா? எனக்குக் கையில அவ்வளவா முடி இல்லையே தம்பி."

"இல்லன்னா நல்லது மாமா, வேலை மிச்சம். நரம்பு எழும்பினதும் ஊசியை எடுத்து..."

ஊசியை எடுக்க என் வலது கை பக்கத்தில் துழாவியது. சோப்புப் பெட்டிதான் அகப்பட்டது. ஊசி எங்கே என்று திரும்பிப் பார்த்தேன். அப்புறம் கீழே பார்த்தேன்.

வாய் சொல்லச் சொல்ல கை செய்து முடித்திருந்தது. சம்பந்தியின் இடது முன்னங்காலில், வெள்ளைப் பஞ்சின் நடுவே, இளஞ்சிவப்பாக ஒரு ஜன்னல். நாலு ஓரமும் ஸ்கேல் வைத்துப் போட்டது மாதிரி. ஈரப் பஞ்சால் துடைத்து, கட்டைவிரலால் அழுத்தி, நரம்பு கூட அழகாக எழும்பியிருந்தது. சம்பந்தி போன வருஷத்துப் பழக்கத்தில் காலை நீட்டி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, ஊசிக்காகக் காத்திருந்தது.

அதற்கப்புறம் நான் போட்ட சத்தத்தில்தான் மாமா போனைக் கீழே போட்டார். ஆபரேஷனே வேண்டாம் என்று அவர் முடிவெடுத்தது அதனால்தான் என்று தெரியும். அதற்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நடந்ததைச் சொன்னதும் நீங்கள் சொன்ன யோசனைகளை ஞாபகப்படுத்துகிறேன்.

அத்தான்: "இதுக்கா இந்த அழுகை? இன்னொரு கால்லயும் அதே மாதிரி எடுத்துடு மச்சான். புது ஸ்டைலுன்னு சொல்லிடலாம்."

அக்கா: "அவரு பேச்சைக் கேக்காதடா. அவரு மீசையையே அப்படிச் சமமாக்கறேன் சமமாக்கறேன்னு போய்தான் இப்ப மீசை இல்லாம நிக்கறாரு. நீ ஒரு அழகான கைக்குட்டையை எடுத்துக் கால்ல கட்டிவிடு."

அம்மா: "முடிதானேடா, ரெண்டு நாள்ல முளைச்சிடும்."

இந்த ஜாதி நாய்க்கு வழித்த முடி திரும்பி வர மூன்று மாதத்துக்கு மேல் ஆகும் அம்மா. குழந்தையே கவிழ்ந்து படுத்துவிடும் அதற்குள்.

மறுபடி அத்தான்: "அப்ப ஒண்ணு செய். நாய்க்கு உடம்பு சரியில்லாமப் போச்சு, நான்தான் டிரிப் ஏத்திக் காப்பாத்துனேன்னு சொல்லிடு. உனக்குப் பேரும் கிடைக்கும்."

கடைசியில் அப்பா தூரத்திலிருந்து, "முதல்ல அவனைப் போனை வைக்கச் சொல்லுங்க" என்றார். வைத்துவிட்டேன்.

நான் கேட்டது அக்காவின் யோசனையை. என்னிடம் இருந்த நீலக் கைக்குட்டையை மடித்துக் காலில் கட்டினேன். பார்க்க நன்றாகவே இருந்தது. சிதறிக் கிடந்த முடியை அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டுத் திரும்பினால், கால் இருக்கிறது, கைக்குட்டை இல்லை. சம்பந்தி நாக்கால் உதட்டை நக்கிக்கொண்டிருந்தது.

விதி ஒன்பது.

அந்த அரை மணி நேரம் நான் உட்காரவே இல்லை. ஒரு காலுறைக்கே வயிற்றைக் கிழித்தார்கள், இது அதைவிடப் பெரிது. வாயைத் திறந்து தொண்டை வரை பார்த்தேன், வயிற்றை அமுக்கிப் பார்த்தேன். வலி இல்லை, இறுக்கம் இல்லை. நம்பிக்கையும் இல்லை. சோபாவுக்கு அடியில், கட்டிலுக்கு அடியில், வாஷிங் மெஷினுக்குப் பின்னால் என்று நாலு காலில் தவழ்ந்து தேடினேன். சம்பந்தியும் என் பக்கத்தில் தவழ்ந்து வந்தது, விளையாட்டு என்று நினைத்து. கடைசியில் தலையைத் தூக்கினால், ஃப்ரிட்ஜ் மேல் ஆடிட்டர் உட்கார்ந்திருக்கிறது. அதன் அடியிலிருந்து நீலமாக ஒரு முனை தொங்குகிறது. எப்போது வந்து எப்போது அவிழ்த்தது என்று தெரியவில்லை. பறிமுதல் செய்து வைத்திருந்தது. அந்தப் பூனையை நான் கும்பிட்டேன், நிஜமாகவே இரண்டு கையையும் தூக்கி. அது கொட்டாவி விட்டது.

இனி மூடி மறைக்கிற வேலை வேண்டாம் என்று அங்கேயே முடிவு செய்தேன். ஒரு கைக்குட்டையால் மறைக்கப் போய் ஒரு நாயையே தொலைக்கப் பார்த்தேன். டீச்சருக்கு உண்மையை எழுதி அனுப்ப உட்கார்ந்தேன். பதினோரு தடவை எழுதி பதினோரு தடவை அழித்தேன். "உங்கள் நாய்க்கு ஒன்றும் இல்லை" என்று ஆரம்பித்தாலே என்னமோ ஆகிவிட்டது என்றுதான் படிக்கத் தோன்றுகிறது. பேரக் குழந்தையை மடியில் வைத்திருக்கிறவரை எதற்குப் பதற வைப்பது, நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். காலையில் அவர் உள்ளே வந்ததும், நாயைப் பார்க்குமுன், வாசலிலேயே சொல்லிவிட வேண்டும். பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். ஒன்பதே முக்காலுக்கு வாசலில் நிற்பது என் திட்டம்.

டீச்சர் ஒன்பதரைக்கே வந்துவிட்டார். நான் குளியலறையில் துண்டு பிழிந்துகொண்டிருந்தேன். சம்பந்தி குரைத்துக்கொண்டு ஓடும் சத்தம், கதவு திறக்கும் சத்தம், அப்புறம் ஒரு பை தொப்பென்று விழும் சத்தம். நான் ஓடி வந்து பார்த்தபோது டீச்சர் தரையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையாலும் அந்த முன்னங்காலைப் பிடித்திருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

நான் இவ்வளவு நேரம் பயந்ததெல்லாம் அசிங்கமாகத் தெரிகிறதே, போட்டோ கெட்டுப்போகுமே என்றுதான். அவர் அந்த ஜன்னலை எப்படிப் படிப்பார் என்று ஒரு நிமிஷம் கூட யோசிக்கவில்லை. போன வருஷம் பதினோரு நாள், அதே காலில், அதே இடத்தில், அதே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர்.

"எப்போ? எப்போ ஆச்சு? மறுபடி எதையாவது முழுங்கிட்டானா?"

"டீச்சர், அது வந்து..."

"நீயே டிரிப் போட்டியா? ஆமா, நீதான் ஆஸ்பத்திரில இருந்தவனாச்சே." என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் விரல் நடுங்கியது. "நீ இல்லன்னா என்ன ஆயிருக்கும்? நான் பாட்டுக்குக் குழந்தையைக் கொஞ்சிட்டு உக்காந்திருந்தேனே. நல்லா இருப்ப தம்பி நீ."

அத்தான், உங்கள் யோசனை தானாக நடந்து வந்து என் கையில் உட்கார்ந்துவிட்டது. நான் வாயைக் கூடத் திறக்க வேண்டாம். தலையை ஒரு தடவை ஆட்டினால் போதும். கையெழுத்து, நிரந்தரம், எல்லாம் அந்த ஒரு ஆட்டலில் இருந்தது. ஆட்டியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன், பொய் சொல்வானேன். ஆனால் அவர் விரல் நிற்காமல் நடுங்கிக்கொண்டே இருந்தது. நான் தலையை ஆட்டினால் இந்த நடுக்கம் இன்றோடு போகாது. இனி நாய் தும்மினாலும் எழுந்து உட்கார்வார்.

"டீச்சர், அவனுக்கு ஒண்ணுமே ஆகல. டிரிப்பும் இல்ல, ஊசியும் இல்ல. எங்க வீட்ல போன் பண்ணாங்க. பக்கத்து மாமாவுக்கு டிரிப் எப்படி ஏத்துவாங்கன்னு விளக்கிட்டு இருந்தேன். வாய் பேசப் பேச கை பழக்கத்துல வழிச்சிருச்சு. விதி பதினேழை மீறிட்டேன். மன்னிச்சிருங்க."

டீச்சர் என்னைப் பார்த்தார். நாற்பது வருஷம் பிள்ளைகள் சொன்ன சாக்குகளை எடை போட்ட கண்.

"இதை நான் நம்பணுமா?"

"உண்மை டீச்சர்."

"வேலை போயிடுமோன்னு பயந்து எதையோ மறைக்கற. உடம்புக்கு வந்ததைச் சொல்லு தம்பி, நான் திட்ட மாட்டேன்."

பொய்யை நம்பத் தயாராக இருந்தவர் உண்மையை நம்ப மாட்டேன் என்றால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? சம்பந்தியைக் காட்டி, "பாருங்க, எப்படி ஓடறான்னு" என்றேன். டீச்சரின் மடியிலிருந்து சம்பந்தி எழுந்தது. என்னைப் பார்த்தது. டீச்சரைப் பார்த்தது. இடது முன்னங்காலை மெதுவாகத் தூக்கிக்கொண்டு, மூன்று காலில் நொண்டி நொண்டிப் போய் அவர் தோளில் முகத்தைச் சாய்த்தது. நேற்று முழுக்க நாலு காலில் குதித்த நாய்!

"ஒண்ணுமே ஆகல?" என்றார் டீச்சர்.

பத்து நிமிஷத்தில் அவர் காரில் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தோம். சம்பந்தி என் மடியில், காலைத் தூக்கியபடி. டீச்சர் வண்டி ஓட்டிக்கொண்டே முதலாளியம்மாவைக் கூப்பிட்டு, "உங்க பையன் எதையோ மறைக்கறான், நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்றார். பெட்டியில் எதை முதலில் வைப்பது என்று கூட யோசித்துவிட்டேன். கம்பளிச் சட்டையை.

அங்கே டாக்டர், அவருக்கு உதவியாக, நான் முன்பு பார்த்த அதே வேலையைப் பார்க்கிற ஒரு நர்ஸ் அக்கா. டாக்டர் ஈறைப் பார்த்தார், காய்ச்சல் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். நான் பழக்கத்தில் சம்பந்தியின் கழுத்தையும் இடுப்பையும் அணைத்துப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் டாக்டர் விளக்கை இழுத்து அந்த ஜன்னலின் மேல் குனிந்தார்.

"ஊசி குத்தின அடையாளமே இல்லையே. எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"அப்ப ஏன் டாக்டர் நொண்டறான்?"

டாக்டர் டப்பாவிலிருந்து ஒரு பிஸ்கட் எடுத்து அறையின் அந்த மூலைக்கு உருட்டினார். சம்பந்தி நாலு காலில் பறந்தது. பிஸ்கட்டைத் தின்றுவிட்டுத் திரும்பிப் பார்த்தது, எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கவனித்தது, அவசரமாகக் காலைத் தூக்கியது. அவசரத்தில் வலது காலைத் தூக்கிவிட்டது.

முதலாளியம்மா அப்போதுதான் உள்ளே வந்தார். அவர் வாயைத் திறக்குமுன் டீச்சர் மறுபடி கேட்டார். "சரி, நோய் இல்ல. அப்ப இது எதுக்கு? கை தானா வழிச்சுதுன்னு சொல்றான். அப்படியும் நடக்குமா?"

நர்ஸ் அக்கா அதுவரை மாத்திரை அடுக்கிக்கொண்டிருந்தார். திரும்பாமலே, "நடக்கும்" என்றார். "போன வருஷம் மாமியார் வீட்டுப் பூனைக்குச் சிக்கு எடுத்துக் குடுக்கறேன்னு உக்காந்தேன். டிவி பாத்துக்கிட்டே கால்ல ஜன்னல் திறந்துட்டேன். இன்னும் என்கூடப் பேச்சு இல்ல."

"பூனையா?" என்றார் டாக்டர்.

"ரெண்டு பேரும்."

டீச்சர் சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு சின்ன ஸ்கேலை எடுத்தார். அதை எதற்கு இன்னும் தூக்கிக்கொண்டு திரிகிறார் என்று எனக்குத் தெரியாது. சம்பந்தியின் காலில் வைத்து நாலு பக்கமும் அளந்தார், மூலைகளைப் பார்த்தார்.

"எதிரெதிர்ப் பக்கம் சமம். நாலு மூலையும் செங்கோணம். கவனிக்காமப் போட்டதா இது?"

"கவனிச்சிருந்தா கோணலாப் போயிருக்கும் டீச்சர். பயத்துல கை நடுங்கியிருக்கும்."

அப்போதுதான் அவர் உதடு கொஞ்சம் விரிந்தது. முதலாளியம்மா மட்டும் என் பக்கம் திரும்பி நின்றார்.

"மெஷின் கையில இருக்கறப்ப போன் பேசினியா?"

"ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன் மேடம்."

"யாரு?"

"வீட்ல எல்லாரும்."

"எல்லாரும்னா?"

"அம்மா, அக்கா, அத்தான், அப்பா. அப்புறம் மாடி வீட்டு மாமா."

"குளியலறையில அஞ்சு பேரைக் கூட்டி வச்சிட்டு வேலை பாத்திருக்க." டீச்சரைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க டீச்சர். வச்சுக்கவா, அனுப்பிடவா?"

நான் சம்பந்தியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். டீச்சர் ஸ்கேலைத் துடைத்துப் பையில் வைத்தார். அவசரமே இல்லை அவருக்கு.

"காப்பாத்தினேன்னு ஒரு தலையாட்டு ஆட்டியிருந்தா நான் இவனைக் கோயில் கட்டிக் கும்பிட்டிருப்பேன். ஆட்டல. கணக்குத் தப்பு, ஆனா வழி சரி. முழு மார்க் தர முடியாது, ஃபெயிலும் போட முடியாது. ஜஸ்ட் பாஸ்." கட்டம் போட்ட தாள் ஒன்றை எடுத்து எழுதத் தொடங்கினார். "விதி முப்பத்திரண்டு. வேலை நேரத்தில் குடும்பம் வீட்டுக்குள் வரக் கூடாது."

முதலாளியம்மா அந்தத் தாளை வாங்கிப் படித்தார். அதன் கீழேயே இன்னொரு வரி எழுதி என்னிடம் நீட்டினார். காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை போன் எடுக்க மாட்டேன் என்று எழுதியிருந்தது. எடுத்தால் அன்றோடு சரியாம். முதலில் நான் கையெழுத்துப் போட்டேன். அப்புறம் என்னுடைய காகிதத்தில் அவர் கையெழுத்துப் போட்டார்.

ஆமாம் அம்மா, நிரந்தரம். இதைப் படித்ததும் கூப்பிடாதீர்கள், முழுக்கப் படியுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் டீச்சர் பிரயாணக் களைப்பில் படுத்துவிட்டார். சாயங்காலம் வரை இருந்து பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். நாளைக்குப் போட்டோவைச் சம்பந்தியின் வலது பக்கத்திலிருந்து எடுப்பதாக ஏற்பாடு. ஆனால் அது வலது காலைத் தூக்கி நொண்டிக் காட்டினால் நான் பொறுப்பில்லை. ஆடிட்டர் கதவிடுக்கில் உட்கார்ந்து நான் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறது. என் கை மரத்துப் போய் ரொம்ப நேரமாகிவிட்டது.

ஆகவே இதை யார் படித்தாலும் சரி, அம்மாவோ அக்காவோ அத்தானோ, கீழே சொல்வதை அப்பாவுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். இனிமேல் இங்கே காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை யாரும் எனக்குப் போன் செய்யாதீர்கள். மாடி வீட்டு மாமாவிடம் நான் டாக்டர் இல்லை, வீடு வீடாகப் போய் நாய் குளிப்பாட்டுகிறவன் என்று சொல்லிவிட்டு, அவரை முட்டிக்குப் பார்க்கிற ஒரு நிஜ டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். ஊசிக்கு முடி எடுக்க மாட்டார்கள் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். பன்னிரண்டு அடித்து ஒரு நிமிஷம் ஆனதும் கூப்பிடுங்கள், எடுக்கிறேன்.